தடி ஸஹீதும் முதிரைத் துண்டும்

மருதமுனையில் வந்து ஸஹீத் என்று விசாரித்தால், எந்த ஸஹீத் என்று திருப்பிக் கேட்பார்கள். தடி ஸஹீத் என்று சொல்லிப் பாருங்கள், சின்னப்பிள்ளையும் எங்கள் வீட்டுப் படலையைக் காட்டும். அந்தப் பட்டப்பெயரோடு முப்பது வருடத்துக்கு மேலாகக் குடும்பம் நடத்துகிறவள் நான், ஸுஹைறா. கலியாணமான புதிதில் அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது நானே சந்தையில் "தடி ஸஹீத்ட வீடு" என்று சொல்லித்தான் மீன்காரனை வரச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்கு உரியது. வருகிற மாப்பிள்ளைமார் உடுப்புப் பெட்டி கொண்டு வருவார்கள், வசதியானவர்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். என்னுடைய மனுசர் ஒரு பெட்டியும் ஒரு நீளமான தடியும் கொண்டு வந்தார். தடியைச் சீலையில் சுற்றி, நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வந்தார். முன்வாசலில் நின்ற பெண்டுகள் மாப்பிள்ளை பாம்பு பிடிக்கிறவரோ என்று கேட்டுச் சிரித்தார்கள். உள்ளே மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

அது பில்லியட் விளையாடுகிற தடி. அவர் இளந்தாரியாக இருந்தபோது அம்பாறைப் பக்கம் நீர்ப்பாசன இஞ்சினியர்மார் தங்குகிற ஒரு பங்களாவில் வேலை செய்தாராம். அங்கே பச்சைத்துணி ஒட்டிய பெரிய மேசை ஒன்று இருந்ததாம். மேசையைத் தூசு தட்டுவது, பந்தை எடுத்து வைப்பது, புள்ளி சொல்லுவது அவருடைய வேலை. ஆளில்லாத நேரத்தில் தானும் அடித்துப் பழகி, கடைசியில் இஞ்சினியர்மாரே ஆட்டத்துக்கு ஆள் குறைந்தால் இவரைக் கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டார். மாற்றலாகிப் போன பெரிய இஞ்சினியர் ஒருவர் தன்னுடைய லண்டன் தடியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு நாட்டில் பிரச்சினை வந்தது, பங்களாவை மூடினார்கள், இவர் தடியோடு ஊருக்கு வந்து வயல் செய்யத் தொடங்கினார்.

ஊரில் அப்படி மேசை ஏது? ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுப் படுத்து எழும்பினால், கதவு மூலையிலிருந்து தடியை எடுப்பார். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அது வளையாமல் இருக்கிறதா என்று நீட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசையில் தேசிக்காய்களைப் பரப்பிவிட்டு அடிப்பார். ஊறுகாய்க்கு நான் வாங்கி வைத்த தேசிக்காய். நான் ஏசிக்கொண்டே இருப்பேன், அவர் சிரித்துக்கொண்டே அடிப்பார். ஒரு தேசிக்காய் போய் இன்னொன்றை முட்டி, அது மேசை மூலையில் சரியாகப் போய் விழும்போது மட்டும் நான் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அழகாகத்தான் இருக்கும்.

ஒருமுறை ஒட்டடை அடிக்க அந்தத் தடியை எடுத்தேன். சத்தம் போட்டுக் கதைக்கிற ஆள் இல்லை அவர். என் கையிலிருந்து தடியை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, தும்புத்தடியைத் தேடி எடுத்து வீடு முழுக்க அவரே ஒட்டடை அடித்தார். அன்றைக்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை.

இப்படியெல்லாம் சொல்வதால் தடிதான் அவருக்குப் பெரிது என்று நினைத்துவிடக் கூடாது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று, நடக்க மாட்டாமல் கிடந்த என் வாப்பா கச்சிமுகம்மதைத் தோளில் தூக்கிக்கொண்டு மெயின் றோட்டைத் தாண்டி ஓடினார். தடியின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. தண்ணீர் வற்றிய பிறகு அது பின்வளவு வேலியில் சேறு பூசிக்கொண்டு கிடந்தது. கழுவி, நிழலில் காயவைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வளையவில்லை. அப்போதுதான் அழுதார், அதுவரைக்கும் அழாத மனுசர்.

வாப்பாவும் அவரும் பேசிக்கொள்வதே அபூர்வம். வாப்பா கடுகடுத்த ஆள், மருமகனை முகம் பார்த்து ஒரு சொல் சொல்ல மாட்டார். ஆனால் நாங்கள் கலியாணம் முடித்த முதல் வருடத்தில் ஒரு நாள், வயலிலிருந்து வந்த இவருடைய சோற்றுப் பீங்கானில் பெரிய கொடுவா மீன் தலை ஒன்றைத் தன் கையாலேயே எடுத்து வைத்தார். வாப்பா தலைக்கறியை யாருக்கும் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. அந்தக் கதையை நான் எத்தனை கலியாண வீட்டில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வாப்பா மௌத்தான பிறகும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இந்த வருடம் எங்கள் ஒரே மகள் ஆதிலாவின் கலியாணம் நடந்தது. வழக்கப்படி வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் அவரும் பின் அறைக்கு மாறினோம். தடியை மட்டும் அவர் மாற்றவில்லை. பின் அறைச் சுவர் ஈரம், தடி வளைந்துவிடும், முன் அறைக் கதவு மூலையிலேயே இருக்கட்டும் என்றார். அந்த முன் அறைதான் இப்போது மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் உரிய அறை.

மாப்பிள்ளை பர்ஹான் கல்முனையில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். நல்ல பிள்ளை, ஆனால் பொல்லாத கூச்சம். இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டாலே காது சிவந்துவிடும். புதுமாப்பிள்ளையும் மாமியும் நேருக்கு நேர் நின்று கதைப்பது எங்களுக்கு வழக்கமில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வேன், மகள் அவரிடம் சொல்வாள், அவர் மகளிடம் சொல்வார். எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்போம், ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

பெரும்போக அறுவடைக்கு என் மனுசர் வயலுக்குப் போய், வெட்டு மெஷின் வரும்வரை அங்கே வாடிக் குடிசையிலேயே தங்கியிருந்தார். அந்த நேரம் பார்த்து நான் மகளின் அறை வாசலுக்கு எங்கள் ஊர்க் கைத்தறியில் நெய்த திரைச்சீலை ஒன்று போட்டேன். நல்ல தடித்த சீலை. அதன் பாரத்துக்கு ஸ்பிரிங் கம்பி தொய்ந்து, திரை நடுவில் பள்ளம் விழுந்து தொங்கியது. மாப்பிள்ளை பார்க்க வருகிற பெண்டுகள் ஹாலில் இருந்தால் பாதி அறை தெரியும். பாவம், அவருக்கு அது பெரிய சங்கடம். ஆனால் ஒரு நல்ல கம்பு தாருங்கள் என்று வந்த வீட்டில் வாய் திறந்து கேட்க அவருக்குக் கூச்சம். கதவு மூலையைப் பார்த்திருக்கிறார். நேரான, வழவழப்பான தடி ஒன்று சும்மா நிற்கிறது. கறுப்பான அடிப்பக்கம் மட்டும் மொத்தமாக இருந்ததால் கொக்கிக்குள் போகவில்லை. அறுத்துவிட்டார்.

வாள் ஓடுகிற சத்தம் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. மாப்பிள்ளை ஏதோ பலகை அறுக்கிறார் என்று நினைத்தேன். என்ன அறுக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு முறையில்லை, அறைப் பக்கம் எட்டிப் பார்க்கவும் முறையில்லை. குளித்துவிட்டு வந்த ஆதிலா உள்ளே போனவள், முகம் வெளுத்துப்போய் என்னிடம் ஓடி வந்தாள். நான் முறையை எல்லாம் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். திரைச்சீலை நூல் பிடித்த மாதிரி நேராக, அவ்வளவு வடிவாகத் தொங்கியது. கறுப்புத் துண்டு யன்னல் படியில் கிடந்தது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

என் மனுசர் ஏச மாட்டார். அதுதான் எனக்குப் பயம். ஏசினால் பதில் சொல்லலாம், மன்னிப்புக் கேட்கலாம். அவர் மௌனமாகிவிடுவார். மாமா முகம் கொடுக்காத வீட்டில் ஒரு புதுமாப்பிள்ளை எத்தனை நாள் இருப்பார்? உம்மா வீட்டுக்குப் போய்விடுவார். மாப்பிள்ளை கோபித்துப் போன வீடு என்று ஊர் சொல்லும், என் பிள்ளை தாங்குவாளா? மறுபக்கம், இந்த வீட்டுக்கு வரும்போது உடுப்புப் பெட்டியைத் தவிர என் மனுசர் தனக்கென்று கொண்டுவந்த ஒரே பொருள் அது. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். இரண்டு ஆண்களும் இந்தக் கூரைக்குக் கீழ் மனம் நோகாமல் இருக்க வேண்டும்.

விசயம் தெரிந்ததும் பர்ஹானுக்குக் கண் கலங்கிவிட்டது. கொழும்பிலிருந்து புதிதாக ஒன்று எடுப்பித்துத் தருவதாக ஆதிலாவிடம் சொல்லி அனுப்பினார். புதுத்தடி நூறு வந்தாலும் அது அந்தத் தடி ஆகாது, பொருத்த முடியுமா என்று பார்ப்போம் என்று நான் சொல்லி அனுப்பினேன். பாண்டிருப்பில் அழகரெத்தினம் ஓடாவி இருக்கிறார். எங்கள் வீட்டுக் கதவு யன்னல் எல்லாம் அவர் கைவேலை. மாப்பிள்ளை துண்டுகளைத் தான் உடுக்கிற சாரம் ஒன்றில் சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் முன்னால் போக, நானும் மகளும் ஓட்டோவில் பின்னால் போனோம்.

ஓடாவிக்கு வாய் கொஞ்சம் நீளம். எந்த மரத்தையும் தூரத்தில் வைத்தே பெயர் சொல்லுவேன் என்பார். நாங்கள் சாரத்தை விரித்து முடிக்க முதலே, முழுக்கக் கருங்காலி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கறுப்பு சரி, முன்பாதி வெள்ளையாக இருக்கிறதே என்று நான் கேட்டேன். கருங்காலிக்கு உள்வைரம்தான் கறுப்பு, வெளிமரம் வெள்ளை, இரண்டையும் சேர்த்துக் கடைந்திருக்கிறான் என்றார். என்ன மரம் என்று சரியாகத் தெரிந்தால்தானே அதற்கேற்ற துண்டு வைத்துப் பொருத்தலாம், அவசரப்படாமல் பாருங்கள் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை, போன் திருத்தும்போது வைக்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நீள நீளமாகக் கோடு ஓடி, இடையிடையே அம்பு முனை மாதிரிக் கூர் விழுந்திருந்தது. தன் போனில் அதே மாதிரிப் படம் ஒன்றைத் தேடி எடுத்து, ஆஷ் என்று ஒரு குளிர்தேசத்து மரம், பழைய பில்லியட் தடிகள் அதில்தான் செய்வார்களாம் என்று ஓடாவியிடம் காட்டினார். ஓடாவி முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு பக்கத்திலும் மெல்லிசாகச் சீவல் எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டார். கறுப்புச் சீவல் கல் மாதிரி அடிக்குப் போனது. வெள்ளையை விரலால் அமுக்கி விட்டும் மேலே வந்து மிதந்தது. கறுப்பு கருங்காலி என்பதில் தான் சொன்னது சரி, வெள்ளையில் தம்பி சொன்னது சரி என்று ஓடாவி ஒருவாறாக ஒத்துக்கொண்டார்.

அப்போதுதான் பர்ஹான் அறுத்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தவர் தன்னை மறந்து என் பக்கம் திரும்பினார்.

"மாமி, இதப் பாருங்க. மேலதான் கறுப்பு. உள்ளுக்கு மஞ்சளா இரிக்கி."

கலியாணமாகி முதன்முதலாக அவர் என்னோடு நேரே கதைத்த கதை அதுதான். நானும் மறந்துபோய், எங்கே காட்டுங்க மகன் என்று கையை நீட்டி வாங்கினேன். உண்மைதான். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வேறொரு மரம் இருந்தது. மேலே கறுப்புப் பொலிஷ் பூசியிருந்ததால் இத்தனை வருடமும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஓடாவி உளியால் சுரண்டினார். பட்டுச்சீலை மாதிரி மினுங்கியது. தூளை மூக்கடியில் கொண்டுபோனவர் அடுக்கடுக்காகத் தும்மத் தொடங்கினார்.

"முதிர புள்ள, சத்தியமா முதிர," என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "முதிரத் தூளுக்கு மட்டுந்தான் எனக்கு இப்பிடித் தும்மல் வாற. எண்ட மூக்கு பொய் சொல்லாது."

முதிரை எங்கள் காட்டு மரம். லண்டனில் தடி செய்தவன் எதற்கு அதை நடுவில் வைக்கிறான்? ஓடாவி பொருத்தைக் கிளறிப் பார்த்து, இது நம்மட பக்கத்து ஓடாவி ஒருவனின் வேலை, வச்சிரப் பசையால் ஒட்டியிருக்கிறான், இந்தத் தடி முந்தியும் ஒருமுறை முறிந்திருக்கிறது என்றார். என் மனுசர் அதைச் சொன்னதே இல்லை. முழுத்தடியும் லண்டனிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். யார் முறித்தது, யார் ஒட்டியது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். எப்படியோ, வாள் போனது முதிரைக்கு ஊடாகத்தான், லண்டன் மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

ஓடாவி பழைய கட்டில் கால் ஒன்றிலிருந்து முதிரைத் துண்டு எடுத்து, அதே அளவுக்குக் கடைந்து, பொருத்தி, கறுப்புப் பொலிஷ் அடித்துத் தந்தார். எங்கே பொருத்து என்று எனக்குத் தெரியவில்லை. ஆதிலாவுக்கும் தெரியவில்லை. தடி பழையபடி கதவு மூலைக்குப் போனது, திரைச்சீலை பழையபடி தொய்ந்துவிட்டது. மாமா வந்ததும் நானே சொல்லிவிடுவேன் என்று பர்ஹான் பிடிவாதமாக இருந்தார். சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள், வயிறு நிறைந்த மனுசருக்குக் கோபம் குறைவு என்று நான் சொல்லி அனுப்பினேன்.

என் மனுசர் வெள்ளிக்கிழமை காலையில் நெல்லை ஏற்றிவிட்டு வந்தார். நல்ல விளைச்சல், முகம் முழுக்கச் சிரிப்பு. நான் மீன்காரனிடம் முதல் நாளே சொல்லிவைத்துப் பெரிய கொடுவா ஒன்று வாங்கி, தலையை மாங்காய் போட்டு ஆக்கியிருந்தேன். ஜும்ஆ முடிந்து இருவரும் மேசையில் உட்கார்ந்தார்கள். நான் தலையை அப்படியே தூக்கி என் மனுசருடைய பீங்கானில் வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர் சோற்றில் கை வைக்கவில்லை. தலையைப் பார்த்தார். பர்ஹானின் பீங்கானைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார்.

"புதுமாப்பிள்ள இரிக்கக்குள்ள தல எனக்கு வந்திரிக்கி," என்றார். "தடிக்கு என்ன நடந்த?"

புதுமாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது நல்ல துண்டெல்லாம் அவருக்குத்தான் என்பது இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? நான் பயத்தில் அதைக்கூட மறந்துவிட்டேன். பர்ஹான் எழுந்து நின்று, திரைச்சீலை தொய்ந்ததிலிருந்து ஓடாவி தும்மியதுவரை ஒன்றும் விடாமல் சொன்னார். யார் மீதும் பழி போடவில்லை. என் மனுசர் தடியை எடுத்து வரச் சொன்னார். இரண்டு விரலில் குறுக்கே வைத்துப் பாரம் பார்த்தார். ஒரு கண்ணை மூடி நீட்டிப் பார்த்தார். பொருத்து இருந்த இடத்தைத் தேடாமலே அவருடைய பெருவிரல் அதில் போய் நின்றது.

இதற்குமேல் என்னால் ஒளிந்து நிற்க முடியவில்லை. முதிரைத் துண்டு முந்தியே அதில் இருந்ததை நீங்கள் அறிவீர்களா என்று வெளியே வந்து கேட்டேன்.

"ஓம்," என்றார். "உங்கட வாப்பா வச்ச."

அவர் சொன்ன கதை இதுதான். எங்களுக்குக் கலியாணமான முதல் வருடம், இவர் வயலுக்குப் போயிருந்து, நானும் வீட்டில் இல்லாத நேரம், ஓட்டுக்கு மேல் மரநாய் ஏறிக் கூத்தாடியிருக்கிறது. வாப்பா கைக்குக் கிடைத்த தடியை எடுத்துக் கூரை வளை மரத்தில் ஓங்கி அடித்திருக்கிறார். மரநாய் தப்பிவிட்டது, தடி முறிந்துவிட்டது. வாப்பா யாருக்கும் மூச்சு விடாமல் அதைக் கொண்டுபோய் எங்கேயோ முதிரை வைத்து ஒட்டுவித்து, கறுப்புப் பூசி, மூலையில் வைத்துவிட்டார். இவர் வயலிலிருந்து வந்து தடியைத் தூக்கிய உடனேயே கொஞ்சம் முன்பாரம் தட்டுவது தெரிந்துவிட்டது. பக்கத்து வளவில் நின்று அதைக் கண்ட ஒருவர், அறுவடைக்கு வாடிப் பக்கம் வந்தபோது மரநாய்க் கதையை இவரிடம் முன்னமே சொல்லியுமிருந்தார்.

"கேக்கத்தான் இருந்தன். சோத்துக்கு இருந்தா, உங்கட வாப்பா கொடுவாத் தலையத் தூக்கி எண்ட பீங்கான்ல வைக்கிறாரு. அதுவரைக்கும் என்னோட ஒரு சொல் கதைக்காத மனிசன். 'சாப்பிடுங்க மகன்' எண்டாரு, கண்ணு தடி நிண்ட மூலையிலதான். மறுகா நான் என்னத்தக் கேக்கிற?"

அந்த ஒரு மீன் தலையை வைத்து நான் எவ்வளவு பெருமை அடித்திருப்பேன். வாப்பாவுக்கு என் மாப்பிள்ளை மீது எவ்வளவு பாசம் என்று சொல்லிச் சொல்லி. கடைசியில் அது தடி முறித்த பயமாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாசம் என்றல்லவா நினைத்திருந்தேன் என்றேன்.

"பாசந்தான்," என்றார் அவர். "பாசமில்லாட்டி எனக்கேன் பயப்பிடுறாரு?"

தடியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கொடுவாத் தலையை இரண்டாகப் பிளந்தார். கன்னத்துச் சதை உள்ள நல்ல பாதியை எடுத்து, இன்னும் நின்றுகொண்டிருந்த பர்ஹானின் பீங்கானில் வைத்தார்.

"சாப்பிடுங்க மகன்."

பர்ஹான் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் கூச்சமில்லாமல் சாப்பிட்டதைப் பார்த்தேன். நான் கதவுக்குப் பின்னால் திரும்பிப் போகவில்லை. கறிச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மேசையடியிலேயே நின்று, என் மருமகனுக்கு இன்னும் இரண்டு அகப்பை ஆணம் ஊற்றினேன்.